கோமதி யோசிக்கும் நேரம்

“மீன் குழம்புக்குப் புளி எவ்வளவு போடணும், கோமதி?”

இசக்கியப்பன் கேட்டு முடிப்பதற்குள், இறந்துபோன மனைவியின் குரல் அடுப்படிப் பெட்டியிலிருந்து பதில் சொல்லிவிட்டது. அடிக்கடி கேட்பவற்றுக்கான பதில்களைப் பெட்டியே தனக்குள் சேமித்து வைத்துக்கொள்கிறதாம். அவள் நினைவுகளையெல்லாம் ஏற்றி வைத்திருக்கும் தூரத்துக் கணினிக் கிடங்குக்குச் சுமை குறையுமாம்.

அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உயிரோடிருந்தபோது எதைக் கேட்டாலும் மூக்குத்தியைத் திருகியபடி யோசித்துவிட்டுத்தானே வாயைத் திறப்பாள்!

இதுவரை கேட்காத ஒன்றைக் கேட்டார். “நான் பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு, கதவுக்குப் பின்னால நின்னு என்ன நெனச்ச?”

பெட்டியில் அந்தப் பதில் இல்லை. கிடங்குக்குப் போய்த் தேடியது. வீடு அமைதியானது. அந்த அமைதியில் கோமதி மூக்குத்தியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

“அன்னைக்கா...” என்று குரல் எழுந்ததும் பதறிப்போனார்.

“அதுக்குள்ள என்னட்டி அவசரம்? இன்னுங் கொஞ்சம் யோசி.”