மனுவுக்கு ஒரு வார்த்தை

"இந்த ஆயாவ இனிமே ஒரு நாள்கூட வெச்சிருக்கக் கூடாது."

வங்கிக்காரம்மா இப்படிச் சொன்னதும், குழந்தைகள் காப்பகத்து வாசலில் நின்ற மற்ற அம்மாக்களும் தலையை ஆட்டினார்கள்.

ஆயா செய்த குற்றம் இதுதான். பிள்ளையை விட வந்தாலும் சரி, கூட்டிப்போக வந்தாலும் சரி, வாசல் குழாயில் சோப்பு போட்டுக் கை கழுவாமல் யாரையும் உள்ளே விடமாட்டாள். சும்மா நனைத்துக்கொண்டு ஓடவும் முடியாது. பக்கத்திலேயே நின்று இருபது வரை எண்ணுவாள். அப்புறம்தான் கதவின் கொக்கியை எடுப்பாள். பொம்மைகளை எல்லாம் தினமும் சாயங்காலம் வெந்நீரில் போட்டு எடுப்பாள். அதில் கரடிக்கு ஒரு காதே கழன்றுபோய்விட்டது.

பிள்ளைக்கு மூக்கு ஒழுகினால் தீர்ந்தது. வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லி வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவாள். இதனாலேயே வங்கிக்காரம்மா இந்த வருஷம் ஆறு நாள் லீவு போட்டிருக்கிறாள். மருந்துக்கடைக்காரியின் நகத்தில் அழுக்கு இருக்கிறது, இன்னொரு தடவை கழுவுங்கள் என்று அவள் மாமியார் எதிரிலேயே சொல்லிவிட்டாள். மாமியார் அதை இன்னும் சொந்தக்காரர்களுக்குப் போன் போட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஆகவே மனு. எழுதியது வங்கிக்காரம்மா, அவள் கையெழுத்துதான் குண்டுகுண்டாக இருக்கும்.

'இவர் சுத்தத்தின் மீது' என்பது வரைக்கும் வேகமாக வந்துவிட்டது. அங்கே பேனா நின்றது.

ஆர்வம் உள்ளவர் என்று போடலாமே என்றாள் மருந்துக்கடைக்காரி. வங்கிக்காரம்மாவுக்குச் சுருக்கென்றது. அவள் விடிவதற்கு முன்னால் எழுந்து எட்டு கிலோமீட்டர் ஓடுகிறவள். கால் சுளுக்கிக்கொண்ட அன்றைக்கும் துணியைச் சுற்றிக்கொண்டு ஓடினவள். ஆர்வம் என்றால் அது.

சரி, தீவிரம் என்று போடலாமா? இதற்கு மருந்துக்கடைக்காரி ஒத்துக்கொள்ளவில்லை. அவள் வீட்டுக்காரர் ஒரு கால்பந்து அணிக்குத் தீவிர ரசிகர். அந்த அணி தோற்ற அன்று டி.வி.யையே உடைத்தவர். அவருக்கு இருக்கிற ஒரே பட்டத்தைப் போயும் போயும் ஆயாவுக்குத் தூக்கிக் கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை.

பக்தி என்றால் அது சாமிக்கு. வெறி என்று போட்டால் போலீஸ் வரும். பைத்தியம் என்றால் டாக்டர் சர்டிபிகேட் எங்கே என்று கேட்பார்கள்.

ஓட்டமும் டி.வி. உடைப்பும் நல்ல நல்ல வார்த்தையாகப் பார்த்து எடுத்துக்கொண்டுபோய்விட, ஆயாவுக்கு மிச்சம் எதுவும் இல்லை.

மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு தையல்காரி ஓரமாக நின்றிருந்தாள். யாரோடும் அதிகம் பேசாதவள்.

"கிறுக்குன்னு போடுங்கக்கா" என்றாள். "மரியாதையும் கொடுத்த மாதிரி இருக்காது, திட்டின மாதிரியும் இருக்காது."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். இவளுக்கு வாயே கிடையாது என்று நினைத்தோமே, பார் என்றார்கள். வார்த்தை கொடுத்தவளே முதல் கையெழுத்தும் போடட்டும் என்று பேனாவை அவள் கையில் திணித்தார்கள். போட்டாள்.

மறுநாள் காப்பகத்து மேடம் எல்லோரையும் நிற்கவைத்து மனுவைப் படித்தார். ஆயாவை நிறுத்த அவருக்கு விருப்பம் இல்லை. நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள், அதை எல்லாம் விட்டுவிட்டு இந்த வேலையை நம்பி வந்தவள். ஆனால் பதினோரு கையெழுத்து என்றால் பதினோரு பிள்ளைகள்.

"கை கழுவுங்கன்னு இனிமே யாரையும் கட்டாயப்படுத்த மாட்டேன், சளி பிடிச்ச பிள்ளைங்களையும் சேத்துக்கறேன்னு சொல்லிடு ஆயா. இந்தப் பேப்பரை இப்பவே கிழிச்சுப் போட்டுடறேன்."

"அது மட்டும் முடியாதுங்க மேடம்."

"ஏன் முடியாது? காரணத்தையாவது சொல்லேன்."

ஆயா மனுவை வாங்கிப் பார்த்தாள். முதல் கையெழுத்தில் அவள் கண் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு பேப்பரைத் திருப்பிக் கொடுத்தாள்.

"காரணம்லாம் ஒண்ணும் இல்லீங்க. என் சுபாவமே அப்படித்தான்."

நாம் எழுதினது சரியாகப் போயிற்று என்று வங்கிக்காரம்மா மருந்துக்கடைக்காரியின் காதில் சொன்னாள். மேடம் பெருமூச்சு விட்டுக்கொண்டு, இந்த மாதச் சம்பளத்தை முழுசாக வாங்கிக்கொள்ளச் சொன்னார்.

அம்மாக்களுக்கு ஒரே கொண்டாட்டம். கொக்கி போடாத கதவைத் தள்ளிக்கொண்டு, கழுவாத கையோடு, எல்லோரும் உள்ளே நுழைந்தார்கள். போன வாரம் முழுக்கக் காய்ச்சலில் கிடந்த பிள்ளைகூட அன்றைக்கு இருமிக்கொண்டே வந்துவிட்டது.

ஆயா தன் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். குழாயடியில் தையல்காரி தனியாக நின்று, யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தபடி, அவசர அவசரமாகச் சோப்பு போட்டுக்கொண்டிருந்தாள்.

ஆயாவைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஆயா அவள் பக்கத்தில் வந்து, வேறு யாருக்கும் கேட்காதபடி சொன்னாள்:

"உங்க பையனுக்கு உடம்புல எதிர்ப்புசக்தியே இல்ல, ஒரு சளி வந்தாக்கூட தாங்கமாட்டான், வெளியில தெரிஞ்சா எங்கயும் சேத்துக்க மாட்டாங்கன்னு என் கையப் பிடிச்சுக்கிட்டு அழுதீங்களே, அத நான் இன்னிவரைக்கும் யார்கிட்டயும் சொல்லலம்மா. நாளைக்கு வர்ற ஆயாகிட்ட மட்டும் நீங்களே சொல்லிடுங்க."