புதைத்த ஜட்டி

நவமணி மண்ணில் போட்ட ஒவ்வொரு கொத்தும் பழனியப்பனின் வயிற்றில் விழுந்தது.

அவள் தோண்டிக்கொண்டிருந்தது அவனுடைய ஜட்டியை. இரண்டு மாதத்துக்கு முன் கீரைப் பாத்தி ஓரத்தில் புதைத்த வெள்ளைப் பருத்தி ஜட்டி. ஈப்போவில் சாப்பாட்டுக் கடை நடத்தும் ஃபரீதா, அதைப் படம் பிடிக்கக் கைப்பேசியோடு குனிந்து நின்றாள்.

எல்லாம் அந்தப் பெண் இழுத்துவிட்ட வினை. மருந்து படாத கீரை என்றால் தினமும் எடுத்துக்கொள்கிறேன், ஆனால் வாய்ச்சொல்லை நம்ப மாட்டேன் என்றாள். பருத்தி நூலும் புல்லின் நாரும் ஒரே சரக்காம். மண்ணிலிருக்கும் நுண்கிருமிகள் இரண்டையும் தின்றுவிடுமாம். புல்லைக் கொல்லும் மருந்தை வாரி இறைத்த மண்ணில் அந்தக் கிருமிகள் படுத்துவிடுமாம்.

"ஜட்டி புதுசாட்டம் வந்துச்சுன்னா கீரை வேணாம்லா அண்ணே" என்று அன்றே சொல்லிவிட்டாள்.

நவமணி கவலையே படவில்லை. புருஷன் மேல் அவ்வளவு நம்பிக்கை. பீடோருக்கு வெளியே, பழைய ரப்பர் தோட்டத்துப் பால் கொட்டகைக்குப் பின்னாலிருந்த அந்தத் துண்டு நிலத்தில், ஞாயிறுதோறும் அவன் கையாலேயே புல் பிடுங்குகிறான் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தாள். ஞாயிறு மாலையானால் அவனுக்குக் கோழி ரசமும் முதுகுக்கு எண்ணெய்த் தேய்ப்பும் உண்டு.

பிடுங்கினான், கிழித்தான். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, நீல நிறப் புல் மருந்தைச் சர் சர்ரென்று அடித்துவிட்டு, கொட்டகையில் காலை நீட்டிப் படுத்துக்கொள்வான். திங்களன்று லாரி எடுத்தால் சனிக்கிழமைதான் வீடு. வந்து பார்த்தால் பாத்தி ஓரம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். மருந்து என்றால் இதுதான் மருந்து என்று மெச்சிக்கொள்வான்.

மண்வெட்டி நின்றது.

பழனியப்பன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். கீரை போனால் போகட்டும், நவமணி இனி ஜென்மத்துக்கும் தன்னை நம்பமாட்டாளே!

ஃபரீதா கைதட்டும் சத்தம் கேட்டது.

நவமணியின் இரண்டு விரல்களுக்கு நடுவே இடுப்புப் பட்டி மட்டும் தொங்கியது. மிச்சத்தை மண் தின்று ஏப்பம் விட்டிருந்தது.

நாளையிலிருந்தே கீரையை அனுப்பச் சொல்லிவிட்டு ஃபரீதா காரில் ஏறிப் போனாள்.

பழனியப்பனுக்கு முதலில் உயிர் வந்தது. பிறகு கோபம் வந்தது. கடைக்காரன் போலி மருந்தைத் தலையில் கட்டிவிட்டான்! ஆனால் போலியென்றால் புல் எப்படி ஒழிந்தது?

விறுவிறுவென்று கொட்டகைக்குள் போய், மருந்துக் கேனைத் திறந்து, முதல்முறையாகத் துண்டு கட்டாமல் மோந்து பார்த்தான். ஒரு வாடையும் இல்லை.

"ரொம்ப மோந்து பாக்காதீங்க. வெள்ளைத் துணிக்குப் போடுற நீலந்தான் அது" என்றது வாசலிலிருந்து நவமணியின் குரல்.

அப்படியானால் புல்லை யார்... என்று கேட்க வாயெடுத்தவன் அவள் கைகளைப் பார்த்தான். விரலெல்லாம் காய்ப்பு, நகக்கண்ணெல்லாம் பச்சைக் கறை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

நவமணி எண்ணெய்ப் புட்டியை அவன் கையில் திணித்துவிட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.