பத்துக்குப் பத்து

‘வாசல் கேட்டுக்குப் பச்சை வர்ணம் அடிக்கவும்’ என்ற வரிக்கு எதிரே ‘முடிந்தது’ என்று குறி விழுந்தது. கூடவே ஒரு புகைப்படமும் வந்தது. நிமியா அதைப் போன் திரையில் பெரிதாக்கிப் பார்த்தாள். அண்ணன் நிஜமாகவே அடித்திருந்தார்.

கேட்டில் ஒரு முழத்துக்கு வர்ணமே படவில்லை. பக்கத்துச் சுவரில்தான் தாராளமாகப் பட்டிருந்தது.

“யாருடி இந்தப் பெயின்டர்? கண்ண மூடிக்கிட்டு அடிச்சாரா?” என்று எட்டிப் பார்த்துக் கேட்டாள் அடுத்த மேசை மிர்த்தா.

“எங்கண்ணன். நான் சும்மா எழுதிவிட்ட வேலையெல்லாம் மெனக்கெட்டுச் செஞ்சிட்டிருக்காரு. எனக்கு இப்பத்தான் தெரியுது.”

“அடிப்பாவி.”

பாவிதான். போனில் வரும் செயலிகளைச் சோதித்து மதிப்பெண் போட்டு, அசுன்சியோன் நகரத்துப் பத்திரிகை ஒன்றில் எழுதுவது நிமியாவின் பிழைப்பு. இந்த மாதம் அவள் கைக்கு வந்தது, செய்ய வேண்டிய வேலைகளைப் பட்டியல் போட்டு நினைவூட்டும் ஒரு செயலி. ஒரே பட்டியலை இரண்டு பேர் பகிர்ந்துகொள்ளலாம் என்றிருந்ததால், சோதிக்க இரண்டாவது ஆள் வேண்டியிருந்தது. ஆழம் பார்க்க அண்ணன் காலை விட்டாள்.

அண்ணன் ஏலாடியோ பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். ஒரு மணி நேரப் பயணத்தில், அரெகுவா என்ற ஊரில் தனியாக இருக்கிறார். தங்கையைப் படிக்கவைத்து ஆளாக்கியவர் அவர்தான்.

“மூணு வாரத்துக்கு எங்கிட்ட எது சொல்லணும்னாலும் இதுலயே எழுதுங்கண்ணே. போன் வேணாம், மெசேஜ் வேணாம். அப்பத்தான் சோதனை சரியா வரும்” என்று சொல்லியிருந்தாள்.

“நீ சொன்னா சரி” என்று முடித்துக்கொண்டார்.

அதற்கப்புறம் இவள் வாய்க்கு வந்ததையெல்லாம் எழுதி அனுப்பினாள். பன்னிரண்டு முட்டை வாங்கவும். ஏரிவரை நடந்துவிட்டு வரவும். மாமரத்தைச் சுற்றிக் கொத்திவிடவும். எல்லாவற்றுக்கும் குறி வந்தது. மனுஷன் உட்கார்ந்த இடத்திலிருந்து விரலால் தட்டுகிறார் என்றுதான் நினைத்திருந்தாள்.

அவர் பக்கத்திலிருந்தும் வரிகள் வந்தன. இரண்டே நொடியில் இவள் திரையில் தெரிந்தன. வந்த சூட்டோடு இவளும் ‘முடிந்தது’ என்று தட்டிப் பார்த்தாள். குறி அந்தப் பக்கமும் உடனே போய் விழுந்தது. பத்துக்குப் பத்து. புதன்கிழமை காலையில், வேலை நேரத்தில் அழைப்புகளை அண்டவிடாத ‘அமைதி’ வசதியைப் போட்டுப் பார்த்தாள். மதியம்வரை போன் மூச்சு விடவில்லை. அதற்கும் பத்துக்குப் பத்து.

எல்லாம் சேர்ந்து இப்போது அந்தப் பச்சைக் கேட்டில் வந்து நின்றது. அன்று வெள்ளிக்கிழமை, மாலைக்குள் மதிப்புரையை அனுப்பிவிட்டாள். ஆனால் ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு கேள்வி கேட்காமல் அவளை நம்புகிற ஆள் உலகத்தில் அவர் ஒருவர்தான். அந்த நம்பிக்கையை வைத்து விளையாடியிருக்கிறாள். விஷயம் தெரிந்தால் இனி எதைச் சொன்னாலும் நம்புவாரா?

சனிக்கிழமை காலை ஒரு பை நிறையச் சூடான சீப்பா ரொட்டி வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாள்.

ஏலாடியோ மாமரத்தடியில் குளிர்ந்த தெரெரே பானக் குவளையோடு உட்கார்ந்திருந்தார். கேட் சத்தம் கேட்டு நிமிர்ந்து, “யாரது?” என்றார்.

“நான்தாண்ணே.”

“நிமியாவா! வாம்மா, வா.”

உட்காரக்கூட இல்லை அவள். “அண்ணே, என்னை மன்னிச்சிருங்க. அதுல நான் எழுதினது ஒண்ணுகூட நிஜ வேலை இல்ல. செயலி ஒழுங்கா ஓடுதான்னு பாக்க எழுதினது. உங்கள இந்த வெயில்ல வீணா அலைய விட்டுட்டேன்.”

அவர் சிரித்தார். “அது தெரியாமலா? ஒத்தை ஆளுக்கு எதுக்கும்மா பன்னெண்டு முட்டை? நீ எழுதிட்டியே, உன் வேலைக்கு ஆகும்னு செஞ்சேன். எனக்கும் பொழுது போச்சு.”

நிமியாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒரு ரொட்டியைப் பிய்த்து அவர் கையில் கொடுத்தாள்.

“அப்ப எம்மேல கோவமில்லையே?”

“உம்மேல என்ன கோவம். புதன்கிழமைதான் கொஞ்சம் கஷ்டமாப் போச்சு.”

“புதன்கிழமை என்ன?”

“கண் ஆபரேஷனுக்கு வரச் சொல்லியிருந்தாங்க, உங்க ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரில. காலைல ஆறு மணிக்கே போய் வாசல்ல நின்னேன். துணைக்கு ஆள் இல்லாம செய்ய மாட்டோம்னு பதினோரு மணிக்கு அனுப்பிட்டாங்க. நீ போன் வேணாம்னிருந்தே. இருந்தாலும் கூப்பிட்டுப் பாத்தேன், போகல. ஒம்பது மாசம் காத்திருந்து கெடைச்ச முறை. இனி எப்பவோ.”

நிமியா ரொட்டிப் பையைக் கீழே வைத்தாள். “ஐயோ... எங்கிட்ட முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாண்ணே?”

அவர் போனை மூக்கருகே கொண்டுபோய், தடவித் தடவி அந்தப் பட்டியலைத் திறந்து அவளிடம் நீட்டினார்.

‘புதன் காலை ஆறு மணி, கண் ஆபரேஷன். நிமியா துணைக்கு வர வேண்டும்.’ எதிரே அவள் பெயரில் பச்சைக் குறி.

“நீ ‘முடிந்தது’ன்னு போட்டதப் பாத்துட்டுத்தாம்மா, கூட வர்றேன்னு நின்ன பக்கத்து வீட்டு போர்ஃபிரியாவ வேணாம்னுட்டேன்.”