நாலாம் நம்பர் ஜெர்சி

"அண்ணே, உங்க நாலாம் நம்பருக்கு ஓய்வு கொடுக்கப் போறோம். இனி நம்ம ஹாக்கி கிளப்புல யாரும் அந்த நம்பரப் போட முடியாது. உங்க பழைய ஜெர்சியக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டப் போறோம்!" போனில் செயலாளர் சோமு உற்சாகமாகச் சொன்னார்.

ரூபேந்திரன் அவசரமாக மறுத்தார். "வேணாம்லா. எனக்கு அந்தத் தகுதி இல்ல."

"கமிட்டியிலயும் மூணு பேரு அப்படித்தான் சொல்றாங்க. மூவார் ஊர்ல நடந்த ஃபைனல்ல நீங்க பந்த விட்டதாலதான் தோத்தோமாம்."

"அவங்க சொல்றதுதான் சரி!"

"இருபது வருஷம் கோலுக்குக் காவல் நின்னீங்க. உங்களத் தாண்டி எவன் போனான்?"

"நெறைய பேரு போனாங்க சோமு. எழுதி வேணும்னாலும் தரேன்."

சோமு உருகிப்போனார். "எவ்ளோ பெரிய ஆட்டக்காரரு, எவ்ளோ அடக்கம்! இதக் கேட்டா அந்த மூணு பேரும் ஆதரவா கையத் தூக்கிருவாங்க. நாளைக்கே வந்து ஜெர்சிய வாங்கிக்கறேன்ணே!" என்று போனை வைத்துவிட்டார்.

"அலமாக்!" என்று பதறியபடி ரூபேந்திரன் சமையலறைக்கு ஓடினார். "தேனு, நாளைக்கு ஜெர்சி கேட்டு வராங்க! அது எங்க நிக்குதுன்னு தெரிஞ்சா என் மானமே போயிரும்!"

மனைவி தேன்மொழி கரண்டியைக் கீழே வைத்தாள். "தரவே முடியாது. பெக்கான் நானாஸ் தோட்டத்துல நம்ம அன்னாசியத் திங்க வர்ற குரங்கெல்லாம் அந்தச் சட்டை போட்ட பொம்மையப் பாத்துத்தான் ஓடுது."

"அப்ப சோமுகிட்ட என்னான்னு சொல்றது?"

"நாலாம் நம்பர் இன்னும் ஆடிக்கிட்டுதான் இருக்குன்னு சொல்லுங்க. ஆறு மாசமா ஒரு குரங்குகூடத் தாண்டிப் போவல!"