சடைநாயின் தகப்பன்

குற்றாலத்துச் சாரல் விடாமல் விழுகிறது. நடுமதியத்திலும் பங்களாவின் பின்கட்டில் வெளிச்சம் சாம்பல் பூத்துக் கிடக்கிறது. சீமைக்குக் கப்பலேறிய துரை விட்டுப்போன சடைநாய்களைச் சமையல்காரர் சங்கரபாண்டிதான் இங்கே வளர்த்துக் குட்டி கொடுக்கிறார். பண்பொழி முப்பிடாதியம்மாளுக்கு ஆட்டுக்கிடைக் காவலுக்கு ஒரு குட்டி வேண்டும். இந்த ஒரு மாதத்தில் ஏழு ஆடுகள் போய்விட்டன. சிறுத்தை என்கிறது ஊர். பசு வாங்கிப் பழகியவள், முதலில் தாயைத்தான் பார்க்கிறாள். கன்றுக்குட்டி உயரம், தும்பைப்பூ வெள்ளை. வாயைத் திறந்து பல் பார்க்கிறாள். அது முனகக்கூட இல்லை. மனம் நிறைந்து குட்டியை மடியில் எடுக்கிறாள். “வீட்டுல சின்னப்புள்ள உண்டுமா?” என்கிறார் சங்கரபாண்டி. “தெரியாம யாருக்கும் குட்டி குடுக்கமாட்டேன்.”

“எட்டு வயசுல மவ இருக்கா அண்ணாச்சி. இப்ப கிடைக்கு அவதான் காவலு.”

குட்டியின் முதுகெல்லாம் செம்பட்டை. “தாய் வெள்ளையால்லா இருக்கு. தகப்பன் எங்க?” என்கிறாள். அவர் பலாமரத்தைப் பார்க்கிறார். அடிமரத்தில் அறுந்த சங்கிலி தொங்குகிறது. கீழே பெரிய வட்டிலில் மழைநீர் தளும்புகிறது. “அத்துக்கிட்டு மலையேறிட்டு. ஒரு மாசம் ஆவுது.”

முப்பிடாதியம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்க்கிறாள். காலையில் கிடையின் முள்வேலியில் சிக்கியிருந்த நீள ரோமம். குட்டியின் முதுகில் வைக்கிறாள். வைத்தது எது, முளைத்தது எது என்று தெரியவில்லை. பண்பொழிக்கு ஏழு மைல் நடக்க வேண்டும்.