சந்திரம்மாவின் பிடிவாதம்

“தூ! மறுபடியும் காதல் படமா? அவ வெக்கப்படுவா, இவன் இளிச்சிகினு பின்னாலயே ஓடுவான். ஆம்பளை பாக்கிற படமா இது?” தெருவுக்கே கேட்கும்படி கத்தினான் முனிகிருஷ்ணன்.

“நான் பாக்கணும். கெளம்புய்யா” என்றாள் மனைவி சந்திரம்மா.

“உன்னைக் கட்டிக்கிட்ட பாவம்!” காறித் துப்பிவிட்டு, ஜட்கா வண்டி பிடித்துவர அடுகோடித் தெருமுனைக்கு ஓடினான்.

எதிர்வீட்டு வள்ளியம்மாவுக்குப் பொறுக்கவில்லை. “புடிக்காத மனுசனை ஏன்டி வாராவாரம் இஸ்துகினு போறே?”

சந்திரம்மா முகத்தைச் சுளித்தாள்.

“இந்தக் கண்றாவியைப் பாத்தாலே எனக்குக் குமட்டும்க்கா. கத்திச்சண்டைப் படம்னாதான் எனக்கு உசிரு. மொதப் பாட்டு போயிடும்னு எங்க வீட்டு மனுசன் எப்படி ஓடுது பாரு! நான் அடம் புடிக்கலைன்னா, அந்த மனுசன் எந்த மூஞ்சிய வெச்சிகினு போவும்?”