முட்டியை யார் பார்க்கிறார்கள்

"நான் செலக்ட் ஆகலடி. உயரம் ரெண்டு விரக்கடை குறையுதாம்," என்றாள் கொக்கு, படத்தின் கடைசிக் காட்சியில் நடிக்க வந்து நின்றபடி.

டைரக்டர் கைபேசியை ஸ்டாண்டில் நிறுத்திக்கொண்டிருந்தாள். ஸ்டாண்டு என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது. ஒரு நாற்காலி, நான்கு பாடப்புத்தகம், ஒரு ரப்பர் பேண்டு.

கொக்கு என்பது வகுப்பு வைத்த பெயர். டைரக்டர் என்பது அவள் தனக்குத்தானே வைத்துக்கொண்டது.

போன வருடம் வரை கொக்கு கொக்காக இல்லை. இருவரும் ஒரே உயரம். பள்ளி வரிசையில் யார் முன்னால் நிற்பது என்று தினமும் சண்டை.

அந்த இரண்டு பேரைப் பற்றித்தான் படம். இரண்டு தோழிகள், ஒரே உயரம், கடைசி வரை எதுவும் மாறாது. கதை அவ்வளவுதான், நடிப்பதும் அவர்கள்தான்.

ஆறாவது காட்சி எடுப்பதற்குள் கதாநாயகி அரைச் சாண் வளர்ந்துவிட்டாள். டைரக்டரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

டைரக்டர் அசரவில்லை. தொளதொளவென்று ஒரு பேண்டைக் கொடுத்து, உள்ளே முட்டியை மடக்கிக்கொண்டு நிற்கச் சொன்னாள். எல்லோரும் முகத்தைத்தான் பார்ப்பார்கள், முட்டியை யார் பார்க்கிறார்கள் என்றாள்.

முதல் வாரம் கொக்குவுக்குத் தொடை வெடவெடத்தது. நான்கே மாதத்தில் மடக்கியபடியே நடந்தாள், சிரித்தாள், ஒன்பதாம் காட்சியில் அழவும் செய்தாள். பக்கத்தில் நிற்பவருக்கே தெரியாது.

இன்று காலை நடந்தது வேறு ஊர் விளையாட்டு விடுதிக்கான தேர்வு. கைப்பந்து. தேர்வானால் மூன்று வருடம் அங்கேதான்.

விளையாட்டு டீச்சர் அளந்தவரோடு மல்லுக்கு நின்றாராம். காரணம் இல்லாமல் மறுபடி அளக்க முடியாது, ஐந்து மணிக்குப் பட்டியல் ஒட்டிவிடுவோம் என்று சொல்லிவிட்டார்களாம். எல்லாவற்றையும் கொக்கு சாதாரணமாகச் சொன்னாள்.

தேர்வுக்கு என்ன போட்டுக்கொண்டு போனாய் என்று டைரக்டர் கேட்கவில்லை. அந்தத் தொளதொள பேண்டின் முட்டியில் மைதானத்து மண் ஒட்டியிருந்தது.

அளந்தவர் தலையைத்தான் பார்த்திருப்பார், முட்டியை அல்ல.

டைரக்டருக்கு முதலில் வந்தது சந்தோஷம். குதிக்க வேண்டும் போல அப்படி ஒரு சந்தோஷம். அடுத்த நிமிடமே கைப்பந்து மைதானம் நினைவுக்கு வந்தது. வலைக்கு மேலே கொக்கு எழும்பும்போது எதிரணி வாயைப் பிளப்பதை அவளும் பார்த்திருக்கிறாள். கைதட்டியும் இருக்கிறாள், கொஞ்சம் மெதுவாக.

அப்பாவின் இரும்பு அளவு டேப்பை எடுத்து வந்து, தரையிலிருந்து மேலே வரைக்கும் சுவரில் ஒட்டினாள். எதற்கு என்று கொக்கு கேட்டதற்கு, செட் அலங்காரம் என்றாள்.

பேண்டை முட்டிக்கு மேலே சுருட்டச் சொன்னாள். நிமிர்ந்து நிற்கச் சொன்னாள்.

கொக்குவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை காட்சியிலும் ஒரே உயரம், இதில் மட்டும் எப்படி என்றாள். கதையில் பத்து வருடம் ஓடிவிட்டது என்றாள் டைரக்டர். அப்படியென்றால் நீ மட்டும் ஏன் வளரவில்லை என்று கொக்கு கேட்டாள். நடிக்க வந்தவளுக்கு இந்த வாய் ஆகாது என்று டைரக்டர் அதட்டினாள்.

கொக்கு டேப்பை ஒட்டி நின்று மெல்ல நிமிர்ந்தாள். முட்டியில் மளுக்கென்று ஒரு சத்தம் கேட்டது.

டைரக்டர் பதிவு பட்டனை அழுத்திவிட்டு ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றாள். குதிகாலை உயர்த்தவில்லை. அவள் தலை கொக்குவின் காது வரைக்கும்தான் வந்தது.

இருவரும் கைபேசியைப் பார்த்து நின்றார்கள். படத்தில் வசனம் இல்லாத ஒரே காட்சி அது.

பிறகு டைரக்டர் கைபேசியில் அதை ஓட்டிப் பார்த்தாள். டேப்பின் எண்கள் தெரிந்தன. நேராக நின்ற இரண்டு முட்டியும் தெரிந்தன. மணி நாலரை.

கொக்கு அவள் தோளருகே வந்து எட்டிப் பார்த்தாள். பழக்கதோஷத்தில் அதற்குள் மறுபடி முட்டியை மடக்கியிருந்தாள்.

"நல்லா வந்திருக்கா?"

நன்றாக வந்திருக்கிறது என்று தலையாட்டிவிட்டு, டைரக்டர் அதை விளையாட்டு டீச்சருக்கு அனுப்பினாள்.